அர்த்தம் சொல்ல ஆள் இல்லாத ஞாயிறு

அமலோற்பவம் பேசி நிறுத்திவிட்டாள். இப்போதுதான் நிறுத்தினாள், பேச்சின் முடிவில் ஒரு மூச்சை உள்ளே இழுத்து வாயை மூடின சத்தம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. சபை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆண்கள் பக்கத்தில் யாரோ ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று மெல்லச் சொல்கிறார், தேவதாசன் அண்ணன்தான், அவருக்கு மூக்கு வழியாகத்தான் ஸ்தோத்திரம் வரும், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். மேலே தகரம் வெயில் ஏற ஏற டிக் என்கிறது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். மின்விசிறியில் ஒரு இறக்கை மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தி வருகிறது. பாஸ்டர் கிதியோன் கண்ணை மூடியிருக்கிறார், ஆனால் இடது கையைத் திருப்பி வைத்திருக்கிறார், கடிகாரம் தெரிகிற மாதிரி. குற்றமாகச் சொல்லவில்லை. மூன்று நிமிஷம் என்று அவர்தான் போன மாசம் சபைக்குச் சொல்லியிருக்கிறார், சொன்னால் சொன்னபடி நிற்கிற பிள்ளை. யாராவது ஆவியில் நிறைந்து அந்நியபாஷையில், பேசுகிறவருக்கே புரியாத பாஷையில், பேசினால் இன்னொருத்தர் எழுந்து தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும், மூன்று நிமிஷம் காத்திருப்போம், மூன்று ஞாயிறும் அர்த்தம் வராவிட்டால் பேசினவர் இனிமேல் சபையில் வாயை மூடி ஆண்டவரிடம் மட்டும் பேசிக்கொள்ளட்டும். வேதத்தில் இருக்கிற ஒழுங்குதான், அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் அமலி பேசினாள், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இது மூன்றாவது. இன்றைக்கும் இல்லையென்றால் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறாள், நான் அவள் காலடியில் பாயில். எல்லோரும் கண்ணை மூடித்தான் இருக்கிறார்கள், ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தச் சபையில் அர்த்தம் சொல்லுகிற வரம் என்னிடம்தான் இருந்தது.

இருந்தது. அந்த வார்த்தையில்தான் நான் சிக்கிக்கொள்கிறேன். வரம் என்றால் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவாரா, இல்லை அது தானாகத் தேய்ந்து போகுமா, சோப்புக்கட்டி மாதிரி. எட்டு மாசத்துக்கு முன்னால் அமலி அடுப்படியில் விழுந்தாள். வலது கையும் காலும் போயிற்று, அதோடு தமிழும் போயிற்று. முழுதாகப் போயிற்று. தண்ணீர் என்று சொல்ல வராது, மகன் ராயப்பன் பேர் சொல்ல வராது, வலிக்கிறது என்று சொல்ல வராது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் ரத்தம் நின்றுவிட்டது என்றார். ஆனால் வீட்டுக்கு வந்த நாலாம் நாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன், ரெண்டாவது சரணத்தில் அவள் வாய் திறந்தது. அந்நியபாஷை. நாற்பத்தேழு வருஷமாக நான் கேட்ட அதே பாஷை, அதே ஏற்றம், அதே இறக்கம், நடுவில் அலை பின்வாங்குகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு எழுத்து மாறவில்லை. நோய் அவளுடைய தமிழைக் கொண்டு போய்விட்டு இதை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ராயப்பன் துறைமுகத்து யூனிபாரத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "பெரியம்மா, இது சீக்கா ஆவியா?" என்றான். "எனக்கென்னலே தெரியும்" என்றேன். "உங்களுக்குத் தெரியாட்டி வேற யாருக்குத் தெரியும்" என்றான். அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள் மாதிரி ஏறி இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். காப்பி ஆறுகிற வரைக்கும் குடிக்காமல் வைத்துக்கொண்டே பேசினார். "அம்மாவ நான் ஒதுக்கலை ராயப்பன் அண்ணே. நான் வாராவாரம் வீட்டுக்கே வந்து திருவிருந்து அப்பம் தாரேன். சபையில சின்னப் பிள்ளைங்க பயப்படுது, புதுசா வந்தவங்க சிரிக்காங்க. அது அம்மாவுக்கும் மரியாதை இல்லல்லா." ராயப்பன் ஆறின காப்பியை எடுத்து உள்ளே கொண்டு போனான். அமலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை, புத்தி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ சத்தம் கேட்டால் இடது கையால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள், சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி. அவளுக்கு ஏழு நாளில் அது ஒன்றுதான் வெளியே.

டிக். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கறி. மல்லி வறுத்து அரைத்த மணம் ஜன்னல் வழியாக வருகிறது, இந்த நேரத்தில் மனசு கறியிலா போகும், போகிறதே, மனசுக்கு யார் வரப்புப் போடுகிறது. வரப்பு. உப்பளத்து வரப்பு ஒரு சாண் அகலம்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் பாத்தி, பாத்தி முழுக்க வெள்ளை, பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையில் வெயில் விழுந்தால் கண்ணைத் திறக்க முடியாது. அமலிக்குக் கண் சீக்கிரமே மங்கிவிட்டது. தலையில் உப்புக்கூடை, ஒரு கை கூடையில், மற்ற கையில் என் முந்தானை நுனி. நான் முன்னால், அவள் பின்னால். பேசினால் மேஸ்திரி கத்துவான், "உப்பு சுமக்க வந்தியளா ஊர்க்கதை பேச வந்தியளா" என்று. அதனால் எங்களுக்கு ஒரு ஏற்பாடு. முந்தானையை ஒருதரம் இழுத்தால் நட. ரெண்டுதரம் இழுத்தால் நில். அவ்வளவுதான், ஒருநாள் நாங்கள் பேசிக்கொண்டதே அதுதான், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நடவும் நில்லும். அவள் கடற்கரைத் தெருவிலிருந்து வந்தவள், மாதா கோயில்காரி. நான் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். "எக்கா, அங்க எல்லாரும் கத்துதாங்களாமே, எங்க வீட்டுக்காரர் சிரிக்காரு, கடவுளுக்கு என்ன காது கேக்காதாங்காரு" என்றாள். சவரியான், அவள் புருஷன், வள்ளத்தில் போகிறவன், நல்ல கேலிக்காரன். "நீ வந்து ஒரு ஓரமா உக்காரு, கத்தாண்டாம்" என்றேன். ஓரமாகத்தான் உட்கார்ந்தாள். நாலாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் முழங்காலில் நின்று களைத்துப் போன நேரம், அவள் வாயிலிருந்து அது வந்தது. அவளே பயந்து போய் வாயைப் பொத்தினாள், விரலுக்கு இடையில் வழிந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு இருபத்துநாலு வயசு, மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை, ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பாத்தியில் தண்ணீர் தண்ணீராகத்தான் நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது, திடீரென்று ஓரத்தில் ஒரு வெள்ளைத் தோல் பூத்திருக்கும், பாருங்கள், அப்படி என் நெஞ்சில் ஓரமாக ஒன்று பூத்தது. அது வார்த்தை இல்லை, வார்த்தைக்கு முந்தினது. எழுந்து நின்றதும் வார்த்தையாயிற்று. என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, தாகத்தோடு இருக்கிறவர்களைப் பற்றி. வேதமணி ஐயா, அப்போது சபையின் பாஸ்டர், தரையில் நெற்றியை வைத்து அழுதார். அன்றிலிருந்து அவள் பேசுவாள், பேசி முடித்ததும் என் முந்தானையை ஒருதரம் இழுப்பாள். நட. இனி உன் பாடு. பதினாலு வருஷம். முக்காடு நழுவும், சரி பண்ணிக்கொண்டே எழுந்திருப்பேன். பதினாலு வருஷமும் அது தவறாமல் பூத்தது. சோறு வடிக்கிற மாதிரி, தலை வாருகிற மாதிரி, அது இல்லாத நாளை நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானங்களுக்கு ஒரு மணம் உண்டு, பனைநார்ப் பாயும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும், வெறும் வயிற்றில் குடித்த தண்ணீரும். ஜெபம் முடிந்து திரும்புகிற வழியில் அவள் கேட்பாள், "எக்கா, நான் என்ன பேசினேன்?" நான் சொல்வேன். "அவ்வளவு நல்லாவா பேசினேன்?" என்று சிரிப்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி, இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது, எவ்வளவு பெரிய காரியத்தை நாங்கள் எப்படி மிட்டாய் மாதிரி பங்கு போட்டுக்கொண்டோம்.

ஆண்டவர் வரத்தை எதற்குக் கொடுத்தார், எத்தனை காலத்துக்குக் கொடுத்தார். இதைத்தான் பாஸ்டர் கிதியோன் நாலு புதன்கிழமை வேதபாடத்தில் பலகையில் எழுதினார். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர், நன்றாகத்தான் சொன்னார். பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம், வரங்கள் எல்லாம் ஆதிச்சபைக்கு மட்டும், அஸ்திவாரம் போடும்வரை தேவைப்பட்டது, கட்டிடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது போல ஆண்டவர் அதைப் பிரித்துவிட்டார் என்கிறவர்கள். அந்தப் பக்கம், இல்லை, அவர் திரும்பி வருகிற மட்டும் இருக்கும், முகத்துக்கு முகம் பார்க்கிற நாளில்தான் பாஷை ஓயும் என்கிறவர்கள். தேவதாசன் அண்ணன் கையைத் தூக்கினார். "பாஸ்டர், கட்டிடம் முடிஞ்சு சாரத்தப் பிரிச்சாச்சுங்கிய. நம்ம சபைக்கு இன்னும் தகரம்தான் கிடக்கு. நமக்கு எப்ப முடிஞ்சுது?" எல்லோரும் சிரித்தோம், பாஸ்டரும் சிரித்தார், சாக்பீஸ் கீழே விழுந்தது. ஆனால் எனக்கு அந்தக் கோட்டில் எந்தப் பக்கமும் உட்கார இடம் இல்லை. என் வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடியவில்லை, எனக்குத் தெரியும், என் நெஞ்சில் பூத்தது. அவர் வருகிற மட்டும் இருக்கவும் இல்லை. அது முடிந்த தேதி எனக்குத் தெரியும். கிழமை தெரியும். நான் என்ன சேலை கட்டியிருந்தேன் என்பதும் தெரியும். அதைப் பலகையில் எந்தப் பக்கம் எழுதுவது. எதற்குக் கொடுத்தார் என்று மட்டும் வேதமணி ஐயா எனக்குச் சொல்லியிருந்தார், முதல் நாளே சொன்னார். "அன்னக்கனி, நீ தபால்காரிம்மா. காயிதம் உனக்கு வந்தது இல்ல, சபைக்கு வந்தது. பிரிச்சு உன் வீட்டுல வச்சிக்கிடவும் கூடாது, காயிதம் வராத நாள்ல நீயா எழுதிப் போடவும் கூடாது." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு என்ன, ஆட்டிவிடலாம்.

வைகாசி மாசம் காற்று திரும்பினது. சவரியான் போன வள்ளம் வரவில்லை. நாலு பேர் போனார்கள், மூன்று பேர் உடம்பு ஒவ்வொன்றாக ஒதுங்கிற்று, பலகை ஒதுங்கிற்று, அவன் ஒதுங்கவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அமலி வந்தாள். ஒன்பது நாளாகத் தலையில் எண்ணெய் இல்லை, ராயப்பன் அஞ்சு வயசுப் பிள்ளை, அவள் மடியில் அவன் கால்சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இருந்தான். பாடல் முடிந்து அமைதியான நேரத்தில் அவள் பேசினாள். அப்படி ஒரு பாஷையை நான் அதற்கு முந்தி கேட்டதில்லை, பிந்தியும் கேட்டதில்லை. பாதி பாஷை, பாதி அழுகை. பேசி முடித்தாள். என் முந்தானையை ஒருதரம் இழுத்தாள். நட. நான் காத்திருந்தேன். பாத்தி காய்ந்து கிடந்தது. ஓரத்திலும் ஒன்றும் இல்லை, நடுவிலும் ஒன்றும் இல்லை. முதல் தடவையாக ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே, எனக்குக் கொடுக்கப்படவில்லை என்று உட்கார்ந்திருந்தால் என்ன, மௌனமும் ஆண்டவருடையதுதானே. ஆனால் நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதுதான் தப்பு. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியவில்லை. எழுந்தேன். அர்த்தம் சொல்லுகிற குரல் ஒன்று உண்டு, பதினாலு வருஷத்தில் அது எனக்குப் பழகிவிட்டது, அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். மகளே கலங்காதே என்றேன். கடல் வாங்கினதை நான் கேட்பேன், அது கொடுக்கும், உன் புருஷனை உன் வாசலில் கொண்டு வந்து நிறுத்துவேன் என்றேன். சபை எழுந்து அல்லேலூயா என்றது. தகரம் அதிர்ந்தது. அமலி முகம். ஐயோ அந்த முகம். விளக்குப் போட்ட மாதிரி. அதற்கப்புறம் எந்த வாயால் நான் அதைத் திரும்ப வாங்குவேன். பேசினது அவள் வாய், அவள் பாஷை, ஆண்டவரே அவள் வாயில் வந்து அவளுக்குச் சொன்னது என்று அவள் நம்பினாள். வேறு ஒருத்தி சொன்ன ஆறுதல் என்றால் சந்தேகப்படலாம், சொந்த வாயை எப்படிச் சந்தேகப்படுகிறது. ஆராதனை முடிந்ததும் வேதமணி ஐயா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "அன்னக்கனி, அது கொடுக்கப்பட்டதா?" "ஆமாங்கய்யா." ரொம்ப நேரம் பார்த்தார். "சரிம்மா" என்று வாளியை எடுத்துக் கால் கழுவப் போனார். ஒரே நாளில் இரண்டு பொய்.

அதன் பிறகு எனக்குப் பூக்கவே இல்லை. அஞ்சாறு ஞாயிறு பழைய வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கி ஒப்பேற்றினேன், பிறகு தொண்டை கட்டிவிட்டது என்றேன், அந்தத் தொண்டை முப்பத்துமூன்று வருஷமாகக் கட்டியே இருக்கிறது. ஆண்டவர் வரத்தை என்னிடமிருந்து எடுத்து ரயில்வேயில் வேலை பார்த்த கொர்நேலியு அண்ணனுக்குக் கொடுத்தார். அமலி எவ்வளவு நேரம் பேசினாலும் அவர் எழுந்து விழித்திரு, விழித்திரு என்று ரெண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவார். "எக்கா, நான் மூச்சு முட்டப் பேசுதேன், மனுசன் தந்தி அடிச்ச மாதிரி முடிச்சிருதாரே" என்பாள் அமலி. சிரிப்பேன். உள்ளே எனக்கு எரியும், ஏனென்றால் அந்த ரெண்டு வார்த்தையும் கொடுக்கப்பட்டது என்று என் காதுக்குத் தெரியும். அவரும் போய்விட்டார், நாலு வருஷமாயிற்று. வேதமணி ஐயா போய் ரெண்டு வருஷம். இப்போது அர்த்தம் சொல்ல ஒருத்தரும் இல்லை. அமலி துக்கம் கொண்டாடவில்லை. மாதா கோயிலில் சவரியானுக்கு இறந்தவர்களுக்கான பூசை வைக்க அவன் வீட்டார் கேட்டார்கள், உயிரோடு இருக்கிறவருக்கு எதுக்குப் பூசை என்று அனுப்பிவிட்டாள். மறுபடி கட்டிக்கொள்ள ஒரு நல்ல மனுஷன், வலைக்கடைக்காரர், ஆள் அனுப்பினார். அதுவும் இல்லை. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆண்பிள்ளைச் சட்டை வாங்குவாள், சவரியான் அளவு. ராயப்பன் அந்த அளவுக்கு வளர்ந்தான், ஒரு பொங்கலுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான், "கழத்துலே, அது உங்கப்பா வந்து போடுகதுக்கு" என்று வாங்கி மடித்து வைத்தாள். அவள் விழுந்த பிறகு தகரப்பெட்டியைத் திறந்து அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பதினோரு சட்டை. அதோடு வாங்குவதை நிறுத்தியிருக்கிறாள். மடிப்புக் கலையவில்லை. பதினோரு வருஷத்தை நான் மடித்து வைத்திருக்கிறேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வைகாசியில் அந்த நாள் வந்தால் அவள் என் வீட்டுக்கு வருவாள். "எக்கா, அன்னைக்கு நான் என்ன பேசினேன், இன்னொருதரம் சொல்லு." நான் சொல்வேன். கடல் வாங்கினதை நான் கேட்பேன். வார்த்தை மாறாமல் சொல்வேன், மாறினால் பிடித்துவிடுவாளோ என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருப்பேன். ஏழு வருஷம் கேட்டாள். எட்டாவது வருஷம் வந்தாள், உட்கார்ந்தாள், கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசினாள், ராயப்பன் படிப்பைப் பற்றிப் பேசினாள், எழுந்து போனாள். கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்காததற்கு என்ன அர்த்தம்? அந்த அர்த்தமும் எனக்குக் கொடுக்கப்படவில்லை. பாஷைக்கு அர்த்தம் தெரியாமல் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய இருட்டு. சொல்லிவிட வேண்டும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். நாளைக்கு, அடுத்த மாசம், ராயப்பன் கல்யாணம் முடியட்டும், பேரப்பிள்ளை பிறக்கட்டும். அவளுக்கு வார்த்தை இருந்த காலமெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் அவள் என்னைத் திட்டக்கூட முடியாது. திட்ட முடியாதவளிடம் போய் மன்னிப்புக் கேட்பது ஒரு மன்னிப்பா.

டிக். குக்கர் இரண்டாவது விசில். பாஸ்டர் கிதியோன் கண்ணைத் திறந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். கண்ணில் அதட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரிதான் இருக்கிறது. சொல்லுங்கம்மா, நான் அந்த வார்த்தையைச் சொல்லும்படி விட்டுவிடாதீங்க என்கிற மாதிரி. பாவம், முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை, அவருக்கும் ஒரு கிழவியை வாயை மூடச் சொல்ல ஆசையா. ஒன்றும் கஷ்டமே இல்லை. வார்த்தைகள் நாக்கில் வரிசையாக நிற்கின்றன. என் ஜனமே, நான் உன்னைக் கைவிடவில்லை. இதில் யாருக்கு என்ன கெடுதல். எந்த வேதத்தில் தேடினாலும் இது பொய் இல்லை. ரெண்டு வரி. விழித்திரு விழித்திரு என்றுகூடச் சொல்லலாம், தேவதாசன் அண்ணன் ஆமென் என்பார், பாஸ்டர் மூச்சு விடுவார், அடுத்த ஞாயிறும் ஆட்டோ வரும், அமலி இடது கையால் முக்காடு போட்டுக்கொள்வாள். அவளுக்கு நான் கடன்பட்டவள், இந்த ரெண்டு வரி கொடுக்கக்கூடாதா. கொடுக்கலாம். அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தேன், வரிக்கு வரி இப்படித்தான், இரக்கம்தானே, இரக்கம் எப்படிப் பொய்யாகும் என்று. ஆண்டவரே, ஒரே ஒருதரம். முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒருதரம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தோல். கண்ணை இறுக்கி மூடிப் பார்க்கிறேன். மல்லி மணம். மின்விசிறி. பின்னால் ஒரு பிள்ளை விரல் சூப்புகிற சத்தம். ராயப்பன் ஆண்கள் பக்கத்தில் தொண்டையைச் செருமுகிறான், அது அழுகையை விழுங்குகிற செருமல், எனக்குத் தெரியும், அஞ்சு வயசிலும் அவன் அப்படித்தான் செருமினான். தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு. கொஞ்சம் வேகமாக. அவளுக்கும் தெரியும் இது மூன்றாவது ஞாயிறு என்று. என் முந்தானை நுனி அவள் கையில் இருக்கிறது, ஆராதனை தொடங்கினதிலிருந்து பிடித்திருக்கிறாள், பேசி முடித்த பிறகும் இழுக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அவள் இழுக்கவே இல்லை. நட என்றும் இல்லை, நில் என்றும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கால் மரத்துவிட்டது, கையை ஊன்றித்தான் எழுந்தேன். முட்டி மடக்கென்றது, சபை முழுக்கக் கேட்டிருக்கும். யாரோ ஸ்தோத்திரம் என்று பெருமூச்சு விட்டார்கள், அப்பாடா என்கிற மாதிரி. பாஸ்டர் தலை குனிந்தார், அர்த்தத்தை வாங்கிக்கொள்ள. அந்தப் பழைய குரல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, இத்தனை வருஷம் ஆகியும் குரலுக்கு வழி மறக்கவில்லை. அதை விழுங்கினேன். கிணற்றடியில் பேசுகிற குரலில் பேசினேன். "பாஸ்டர், எனக்கு அர்த்தம் கொடுக்கப்படலை." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். "பிள்ளேளே, கேளுங்க. இன்னைக்கு மட்டும் இல்ல. முப்பத்துமூணு வருசத்துக்கு முன்னால, சவரியான் கடல்ல போன ஒன்பதாம் நாளு, இந்த இடத்துல நின்னு நான் ஒரு அர்த்தம் சொன்னேன். வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கும் கொடுக்கப்படலை. நானாச் சொன்னேன். அவ முகத்தப் பாக்க மாட்டாம சொன்னேன். அது ஆண்டவரும் இல்ல, அமலியும் இல்ல, நான்தான்." தேவதாசன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது, அவர் முகத்தில் அது ஏறி வருவதைப் பார்த்தேன். ராயப்பன் எழுந்து நின்றுவிட்டான். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பதினோரு சட்டையையும் அவன் ஒரே நேரத்தில் பார்க்கிறான் என்று தெரிந்தது. பாஸ்டரையே பார்த்துப் பேசினேன். "பேசுகதுக்கு அவளுக்குக் கொடுத்தாரு, அர்த்தம் சொல்லுகதுக்கு எனக்குக் கொடுத்தாரு. நான் கெடுத்துப்போட்டேன். அர்த்தம் சொல்ல ஆளு இல்லாதது அவ குத்தம் இல்ல பாஸ்டர், என் குத்தம். வாயை மூடச் சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க. அவளைச் சொல்லாதிய." பாஸ்டர் நிமிர்ந்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார். கழற்றி வேதத்தின் மேல் வைத்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி அதைத் திரும்ப எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிரசங்க மேசையை விட்டு இறங்கி, ஆண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிடலாம். ஆனால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சபையிடம்தான் சொல்லியிருக்கிறேன், முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை. அன்றைக்குத் திரும்பி அந்த முகத்தைப் பார்த்ததில்தானே எல்லாம் தொடங்கிற்று. இப்போது அது எப்படி இருக்கும், ஒரு பக்கம் தொங்கின அந்த வாய், அந்தக் கண். மின்விசிறியின் பிந்தின இறக்கை வருகிறது, போகிறது. அமலி மூச்சு எனக்குக் கேட்கவில்லை. அடக்கிக்கொண்டாளா. அப்போது முந்தானை நுனி இறுகிற்று. ஒருதரம் இழுபட்டது. முக்காடு நழுவித் தோளில் விழுந்தது, நான் எடுத்துப் போடவில்லை. உப்பளத்து வெயிலில் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ரெண்டாவது இழுப்பு வரும், வந்தால் நில், வந்தால் போதும் உட்காரு, வந்தால் இனி உன்னோடு நடக்க மாட்டேன். காத்திருந்தேன். தகரம் டிக் என்றது. இன்னொரு டிக். அவள் கை என் முந்தானையில்தான் இருந்தது.

ரெண்டாவது இழுப்பு வரவில்லை.